மூன்று ஸ்ட்ரைக் ஆன பிறகும் ஏன் ஓடுகிறார்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். இருபது வருடமாக பேஸ்பால் பார்க்கிறீர்கள். மூன்று ஸ்ட்ரைக் (பேட்டர் வீசித் தவறவிட்ட, அல்லது அடிக்கத் தோதாக வந்தும் விட்டுவிட்ட பந்து) என்றால் அவுட் என்பது ஆட்டமே தெரியாதவர்களுக்கும் தெரிந்த விஷயம். ஆனால் ஒரு நாள், மூன்றாவது பந்துக்கும் மட்டையை வீசித் தவறவிட்ட ஒருவர் திடீரென்று முதல் பேஸுக்கு (பேட்டர் சுற்றி வர வேண்டிய நாலு இடங்களில் முதலாவது) ஓடிப் போய் நின்றுகொண்டார். அம்பயரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் இன்னொருவர் அதே போல ஓடினார். அவர் அவுட் என்றார்கள். அப்புறம் ஒரு நாள், மூன்று பேஸிலும் ஆள் நிற்க, கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்) பேட்டரைத் தொடவும் இல்லை, பந்தை எங்கும் எறியவும் இல்லை, ஹோம் பிளேட்டை (பேட்டர் நின்று அடிக்கும் இடம், சுற்றின் கடைசி பேஸும் அதுதான்) ஒரு மிதி மிதித்துவிட்டு நடையைக் கட்டினார், இன்னிங்ஸ் முடிந்துவிட்டது. இந்த மூன்றுக்கும் ஒரே விதிதானா, அதில் ஏதாவது நியாயம் இருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி. ஒரே விதிதான். நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் இன்றைய ஆட்டத்தில் இல்லை, 180 வருடத்துக்கு முந்தைய ஆட்டத்தில் இருக்கிறது. அதனால்தான் பழைய ரசிகர்களுக்கே இது இடிக்கிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் வார இறுதிகளில் பிள்ளைகள் ஆடும் பேஸ்பாலுக்குப் பதினான்கு வருடமாக அம்பயராக நிற்கிறேன். வருடா வருடம் பயிற்சி வகுப்புக்குப் போய் விதிப் புத்தகத்தைப் படித்துத் தேர்வு எழுதியவன் என்பதால் விதியைப் பற்றிச் சொல்வதை நம்பலாம். ஆனால் 95 மைல் வேகத்தில் வரும் பந்துக்குப் பின்னால் நான் நின்றதே இல்லை. என் அனுபவம் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு நின்றுவிடுகிறது. வரலாற்றுப் பகுதி நான் ஆராய்ந்தது அல்ல, படித்தது. அதில் எது ஆவணம், எது ஊகம் என்பதை அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

விதி இதுதான். மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் பந்து தரையில் படும் முன்பே பிடித்துவிட்டால் பேட்டர் அவுட், கதை முடிந்தது. பிடிக்கவில்லை என்றால், முதல் பேஸ் காலியாக இருக்க வேண்டும். அல்லது ஏற்கெனவே இரண்டு பேர் அவுட்டாகியிருக்க வேண்டும் (மூன்று அவுட்டில் இன்னிங்ஸ் முடியும்). இந்த இரண்டில் ஒன்று இருந்தாலும் பேட்டர் இன்னும் அவுட் இல்லை, அவர் ஓடலாம். அவர் முதல் பேஸைத் தொடுவதற்குள் பந்தால் அவரைத் தொட வேண்டும், இல்லையென்றால் பந்து அவருக்கு முன்பே முதல் பேஸுக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் பேஸில் ஆள் இருந்து, அவுட் எண்ணிக்கை இரண்டுக்குக் குறைவாக இருந்தால் மட்டும், பந்து எங்கே உருண்டு போனாலும் பேட்டர் அவுட். முதல் பேஸில் ஆள் இருந்தாரா என்பதை பிட்சர் பந்தை எறியும்போது இருந்த நிலையை வைத்துத்தான் பார்ப்பார்கள். அந்தப் பந்திலேயே ரன்னர் (பேஸில் நிற்பவர்) இரண்டாவது பேஸைத் திருட, அதாவது அடி விழக் காத்திராமல் பிடிக்க, ஓடிவிட்டார் என்பதற்காக முதல் பேஸ் காலி என்று கணக்காகாது. உங்கள் இரண்டாவது வாரத்து ஆள் அவுட்டானது இதனால்தான் இருக்க வேண்டும்.

இதில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. எல்லோரும் இதை 'கைவிட்ட மூன்றாவது ஸ்ட்ரைக்' என்கிறார்கள். விதிப் புத்தகம் அப்படிச் சொல்வதில்லை. 'பிடிபடாத' என்றுதான் சொல்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. பந்து ஹோம் பிளேட்டுக்கு முன்னால் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு கேட்சரின் கையுறைக்குள் அழகாகப் போய் உட்கார்ந்தாலும் அது பிடிபடாத பந்துதான். கேட்சர் எதையும் கைவிடவில்லை, ஆனாலும் பேட்டருக்கு ஓட உரிமை உண்டு. டிவியில் இனிமேல் கவனித்துப் பாருங்கள். தரையில் விழும் பந்துக்கு மட்டையைச் சுழற்றி ஏமாந்தவரை, கேட்சர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி முழங்காலிலோ இடுப்பிலோ ஒரு தட்டுத் தட்டுவார். ஆறுதல் சொல்வது போல இருக்கும். அந்தத் தட்டல்தான் அவுட். அதை முடித்த பிறகுதான் அவர் எழுந்திருப்பார். ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் இது நடக்கிறது. அமைதியாக நடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

சரி, ஏன் இப்படி ஒரு விதி? 'அவுட்டான ஆளுக்கு எதற்கு இன்னொரு வாய்ப்பு' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், நீங்களும் அப்படித்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியைத் தலைகீழாகப் போட்டால்தான் பதில் கிடைக்கும். ஆதியில் மூன்றாவது தவறலோடு பேட்டர் அவுட்டே ஆகவில்லை. அது அவர் ஓட வேண்டிய நேரம், அவ்வளவுதான்.

1796இல் குட்ஸ்மூட்ஸ் என்ற ஜெர்மன் உடற்பயிற்சி ஆசிரியர் விளையாட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் 'இங்கிலீஷ் பேஸ்பால்' என்று ஓர் ஆட்டத்தை விவரிக்கிறார். எறிபவர் சில எட்டு தூரத்தில் நின்று பந்தை மெதுவாகத் தூக்கிப் போடுவார். அடிப்பவருக்கு மூன்று வாய்ப்பு. மூன்றாவதில் அடித்தாலும் சரி, அடிக்காவிட்டாலும் சரி, ஓடியே ஆக வேண்டும். யோசித்துப் பார்த்தால் இது புரிகிற விஷயம்தான். மெதுவாகப் போட்டுக்கொடுக்கிற பந்தையே ஒருவர் மூன்று தடவை தவறவிட்டால், மற்றவர்கள் எவ்வளவு நேரம்தான் வேடிக்கை பார்ப்பது? "போதும்பா, ஓடு" என்று விரட்டிவிடுவதற்கான ஏற்பாடு அது. அவுட் என்ற தண்டனை அதில் இல்லை.

அடுத்த ஆவணம் 1845. நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் எழுதிவைத்த இருபது விதிகளில் ஒன்று ஏறக்குறைய இப்படிச் சொல்கிறது: மூன்று முறை வீசித் தவறவிட்டு, கடைசிப் பந்து பிடிபட்டால் அவுட், பிடிபடாவிட்டால் அது நல்ல அடியாகவே கருதப்படும், அடித்தவர் ஓடியாக வேண்டும். இந்த ஒரு வரியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அவுட் வருவது ஸ்ட்ரைக்கால் இல்லை, பிடித்ததால். காற்றில் தூக்கி அடித்த பந்தைப் பிடித்தால் எப்படி அவுட்டோ, அதே கணக்கில்தான் இதுவும். மூன்றாவது தவறலை 'அடித்ததாக' வைத்துக்கொண்டு, அதை யாராவது பிடித்தார்களா என்று பார்க்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் தரையில் உருண்ட அடியைப் போலத்தான், ஓடு. 1796க்கும் 1845க்கும் நடுவில் இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதற்குக் கோர்வையான பதிவு கிடையாது. இரண்டையும் இணைப்பது வரலாற்றாளர்களின் ஊகம். எனக்கு அது நம்பத்தகுந்ததாகப் படுகிறது. 1845 விதி ஊகம் இல்லை, எழுத்தில் இருக்கிறது. அதாவது இன்றைக்கு நாம் விதிவிலக்கு என்று நினைப்பது, எழுதப்பட்ட பேஸ்பால் அளவுக்கே பழையது. அம்பயர் தானாக ஸ்ட்ரைக் சொல்வது 1858இல்தான் வந்தது. 'பால்' (அடிக்கத் தோதில்லாமல் வந்து, பேட்டரும் விட்டுவிட்ட பந்து) என்று ஒன்றை எண்ணத் தொடங்கியது அதற்கும் பிறகு. அவற்றுக்கெல்லாம் இது மூத்தது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை இன்னும் சுலபமாகச் சொல்லலாம். பேட்ஸ்மேன் தவறவிட்ட பந்தை விக்கெட் கீப்பரும் தவறவிட்டால் பைஸ் ஓடுகிறோம் இல்லையா? யாரும் 'அடிக்காமல் எப்படி ஓடலாம்' என்று கேட்பதில்லை. பந்து உயிரோடு இருக்கிறது, ஓடுகிறார்கள். இதுவும் அந்த வகைதான். கிரிக்கெட்டில் கீப்பரின் தவறு ரன்னாகிறது, பேஸ்பாலில் பேட்டரின் உயிராகிறது.

இந்தப் பழைய சிந்தனையின் எலும்பு இன்னும் ஸ்கோர் புத்தகத்தில் இருக்கிறது. பேஸ்பாலில் ஒவ்வொரு அவுட்டும் ஒரு ஃபீல்டரின் பெயரில் 'புட்அவுட்' என்று எழுதப்படும். ஸ்ட்ரைக் அவுட்டில் அது யார் பெயரில் போகும் என்று என் நண்பர்களிடம் கேட்டால் எல்லோரும் பிட்சர் என்பார்கள். இல்லை, கேட்சர். 1986 ஏப்ரல் 29 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸின் ராஜர் கிளெமன்ஸ் சியாட்டில் அணிக்கு எதிராக 20 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து சாதனை படைத்தார். அன்று 20 புட்அவுட் பெற்றவர் கேட்சர் ரிச் கெட்மன். பிட்சரின் கணக்கில் ஸ்ட்ரைக் அவுட், கேட்சரின் கணக்கில் அவுட். கேட்சர் பிடித்தால்தான் வேலை முடிந்தது என்ற 1845 நினைப்பு அப்படியே உறைந்து கிடக்கிறது.

இப்போது முதல் பேஸ் விவகாரத்துக்கு வருகிறேன். அந்த நிபந்தனை ஆதியில் இல்லை. முதல் சில பத்தாண்டுகள் கேட்சர்கள் வெறுங்கையோடு, பேட்டருக்குச் சில கஜம் பின்னால் நின்றார்கள். பந்து ஒரு தட்டுத் தட்டி வந்த பிறகு பிடித்தாலும் அன்றைக்கு அது பிடித்ததாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. 1870களின் பின்பாதியில் முகக்கவசம் வந்தது, கையுறைகள் வந்தன, கேட்சர்கள் முன்னால் வந்து பேட்டரின் முதுகுக்குப் பக்கத்தில் நிற்கத் துணிந்தார்கள். 1880 வாக்கில், தரையில் படாமல் பிடித்தால் மட்டுமே பிடித்தது என்றும் ஆகிவிட்டது. கை தேறியதும் மூளையும் வேலை செய்யத் தொடங்கியது.

முதல் பேஸில் ஒருவர் நிற்கிறார், அவுட் யாரும் இல்லை என்று வையுங்கள். மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் ஒழுங்காகப் பிடித்தால் ஓர் அவுட். வேண்டுமென்றே கீழே போட்டால்? பேட்டர் ரன்னராகிவிடுகிறார், முதல் பேஸ் அவருக்கு வேண்டும். அங்கே நிற்பவர் இரண்டாவதற்கு ஓடியே ஆக வேண்டும், பந்து அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்தால் அவர் அவுட். ஆனால் அவர் பந்து பிடிபட்டுவிடும் என்று நினைத்து முதல் பேஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறார். கேட்சர் நிதானமாகப் பந்தை எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிகிறார், அங்கிருந்து முதல் பேஸுக்குப் போகிறது. இரண்டு அவுட். மூன்று பேஸிலும் ஆள் இருந்தால் இன்னும் கொண்டாட்டம்: ஹோம் பிளேட்டை மிதித்துவிட்டு மூன்றாவது பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து இரண்டாவதற்கு அனுப்பினால் மூன்று பேரும் போச்சு. வேலையைச் சரியாகச் செய்தவருக்கு ஓர் அவுட், கெடுத்தவருக்கு இரண்டு மூன்று. இதைத் தடுக்கத்தான், 1880களில், முதல் பேஸில் ஆள் இருந்தால் பேட்டர் அப்போதே அவுட் என்று ஒரு பூட்டுப் போட்டார்கள். பேட்டர் அவுட் என்று ஆனதும் யாரும் யாருக்காகவும் இடம் விட வேண்டியதில்லை, தந்திரம் செத்துவிடும். 1890களின் நடுவில் வந்த இன்ஃபீல்டு ஃப்ளை விதியும் (பேஸ்களில் ஆள் இருக்கும்போது உள்களத்தில் தூக்கி அடித்த சுலபமான பந்துக்கு, பிடிக்கும் முன்பே பேட்டர் அவுட் என்பது) இதே தந்திரத்துக்கு எதிரானதுதான், அங்கே கேட்சருக்குப் பதில் மற்ற ஃபீல்டர்கள்.

இரண்டு அவுட் ஆன பிறகு அந்தப் பூட்டு எதற்கு? வேண்டாம். ஏனென்றால் இன்னும் ஒரே ஓர் அவுட்தான் தேவை. பந்தைக் கீழே போட்டு கேட்சருக்கு எந்த லாபமும் இல்லை, ஆபத்துதான் உண்டு. அதனால் பழைய விதி அப்படியே உயிர் பெறுகிறது. முதல் பேஸ் காலியாக இருந்து இரண்டாவதிலோ மூன்றாவதிலோ ஆள் இருந்தாலும் அதே கதைதான்; அங்கே நிற்பவர்கள் யாரும் கட்டாயமாக நகர வேண்டியதில்லை. அதனால்தான் நிபந்தனை பார்க்க விசித்திரமாக இருந்தாலும் எங்கே ஏமாற்ற வழியுண்டோ அங்கே மட்டும் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. எனக்கு இந்த விதிப் புத்தகத்தில் மிகவும் பிடித்த வரி இதுதான் என்று சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள்.

களத்தில் இது எப்படி இருக்கும் என்பதற்கு எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆட்டம். முதல் பேஸில் ஒரு பையன், ஓர் அவுட். பேட் பிடித்த பையன் மூன்றாவது பந்தை வீசித் தவறவிட்டான். பந்து தரையில் பட்டு கேட்சரின் மார்புக் கவசத்தில் மோதி இரண்டடி தள்ளி விழுந்தது. நான் "பேட்டர் அவுட்" என்று கத்துகிறேன், அதைவிடச் சத்தமாக அவனுடைய பயிற்சியாளர் "ஓடு, ஓடு" என்று கத்துகிறார். பையன் ஓடினான். கேட்சர் குழந்தை பதறிப் போய் முதல் பேஸுக்கு எறிந்தது. பந்து அங்கே நின்றவன் தலைக்கு மேலே பறந்து வலது மூலைக்குப் போயிற்று. முதல் பேஸில் இருந்த பையன் மூன்றாவது பேஸில் போய்த்தான் நின்றான். எதிரணிப் பயிற்சியாளர் என்னிடம் வந்து, அவுட்டானவன் ஓடி ஏமாற்றினான், ரன்னரைத் திருப்பி அனுப்புங்கள் என்றார். முடியாது என்றேன். பேட்டர் அவுட், ஆனால் பந்து சாகவில்லை. அவுட்டான பேட்டர் தெரியாமல் ஓடினார் என்பது மட்டுமே குறுக்கீடு ஆகாது. எங்கே எறிய வேண்டும், எறிய வேண்டுமா என்பதை அறிந்திருப்பது ஃபீல்டரின் பாடு. ஆட்டம் முடிந்து காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது கேட்சர் பையனின் அப்பா தயங்கித் தயங்கி வந்தார். தமிழர் என்று அப்போதுதான் தெரிந்தது. "அண்ணா, தப்பா நினைக்காதீங்க, அவுட்டானவன் பின்னாடி என் பையன் ஏன் எறியணும்?" என்றார். எறியவே வேண்டாம் என்றேன். "அப்ப எறியச் சொல்லித்தானே பிராக்டிஸ்ல கத்துக்கொடுத்தாங்க?" முதல் பேஸ் காலியாக இருக்கும்போது அதுதான் சரி. அங்கேயே கார் டிக்கியின் மேல் விரலால் கட்டம் போட்டு விளக்க இருபது நிமிடம் ஆயிற்று. இதனால்தான் சின்ன வயதுப் பிரிவுகளில் இந்த விதியையே எடுத்துவிட்டு, மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட் என்று வைத்திருக்கிறார்கள்.

பெரியவர்கள் ஆட்டத்தில் இந்த விதி செய்த வேலைக்கு இரண்டு நாள் போதும். முதலாவது 1941 அக்டோபர் 5. உலகத் தொடரின் (அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு இறுதித் தொடர்) நாலாவது ஆட்டம், புரூக்ளினில் எபெட்ஸ் ஃபீல்டு. தொடரில் நியூயார்க் யாங்கீஸ் 2க்கு 1 என்று முன்னணியில். ஒன்பதாவது இன்னிங்ஸில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் 4-3 என்று முன்னால் இருக்கிறது, இரண்டு அவுட் ஆகிவிட்டது, பேஸில் யாரும் இல்லை. ஹியூ கேசி எறிந்த பந்தை டாமி ஹென்ரிக் வீசித் தவறவிட்டார். ஆட்டம் முடிந்தது, தொடர் சமன். ஆனால் பந்து கேட்சர் மிக்கி ஓவனின் கையுறையைத் தட்டிவிட்டுப் பின்னால் ஓடிவிட்டது. ஹென்ரிக் முதல் பேஸில். அப்புறம் டிமாஜியோ, கெல்லர், டிக்கி, கார்டன் என்று வரிசையாக வந்தார்கள், யாங்கீஸ் நாலு ரன் எடுத்து 7-4 என்று வென்றது. மறுநாளே தொடரையும் முடித்தது. கேசி எறிந்தது எச்சில் தடவிய பந்து என்று ஒரு பேச்சு அன்றிலிருந்தே உண்டு, நிரூபணம் ஆனதில்லை. நல்ல வளைவு, ஓவன் கையை நகர்த்துவதில் கொஞ்சம் தாமதித்தார் என்பதே எனக்கு இயல்பாகப் படும் விளக்கம். ஓவன் நல்ல கேட்சர், நாலு முறை ஆல் ஸ்டார் அணியில் இருந்தவர். ஆனாலும் அந்த ஒரு பந்துதான் அவர் பெயராகிவிட்டது.

அவர் 2005 ஜூலையில் இறந்தார். மூன்று மாதம் கழித்து, அக்டோபர் 12 அன்று, சிகாகோவில் இரண்டாவது நாள் வந்தது. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தை ஏஞ்சல்ஸ் வென்றிருந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸ், 1-1, இரண்டு அவுட். ஒயிட் சாக்ஸின் ஏ.ஜே. பியர்சின்ஸ்கி, கெல்வின் எஸ்கோபாரின் தாழ்ந்த பந்துக்கு வீசித் தவறவிட்டார். கேட்சர் ஜாஷ் பால் பிடித்துவிட்டோம் என்ற நினைப்பில் பந்தை பிட்சர் மேட்டுப் பக்கம் உருட்டிவிட்டு எழுந்து நடந்தார். அம்பயர் டக் எடிங்ஸ் கையை நீட்டி, அப்புறம் முஷ்டியை மடக்கினார். பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது அவுட். பியர்சின்ஸ்கியும் டக்அவுட் (அணியினர் உட்காரும் இடம்) பக்கம் ஓரடி வைத்தார், பிறகு சட்டென்று திரும்பி முதல் பேஸுக்கு ஓடினார். அவர் தொழிலே கேட்சர். யாரும் தன்னைத் தட்டவில்லை என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எடிங்ஸ் அவரை அவுட் என்று சொல்லவில்லை. முஷ்டி மடக்கியது ஸ்ட்ரைக் என்பதற்கான சைகைதான் என்று பிறகு விளக்கினார். பதிலி ரன்னர் பாப்லோ ஒசூனா இரண்டாவது பேஸைத் திருடினார், ஜோ கிரீடி ஒரு டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகத் தக்க அடி) அடித்தார், 2-1. அதற்குப் பிறகு ஒயிட் சாக்ஸ் அந்த ஆண்டு ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 1917க்குப் பிறகு முதல் முறையாக உலகத் தொடரை வென்றது.

ஜாஷ் பால் அந்தப் பந்தைப் பிடித்தாரா? மெதுவாக ஓட்டிய காட்சிகளை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பிடித்ததாகவே எனக்குத் தெரிகிறது, நீதிமன்றத்தில் சத்தியம் செய்யும் அளவுக்கு இல்லை. எடிங்ஸின் தீர்ப்பைவிட அவர் கைதான் பெரிய பிழை என்பது என் கருத்து. பிடிபடவில்லை என்று நினைத்தால் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் பயிற்சி வகுப்பில் இந்தக் காட்சியைப் போட்டுக் காட்டித்தான் "நோ கேட்ச்" என்று உரக்கச் சொல்லப் பழக்குகிறார்கள். அதே சமயம், சந்தேகம் இருந்தால் தட்டிவிடு என்பது கேட்சருக்கான பாலபாடம். பேட்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றார்.

பேட்டர் எவ்வளவு நேரம் யோசிக்கலாம் என்பதும் விதியில் இருக்கிறது. முன்பெல்லாம் டக்அவுட்டுக்குள் போகும் வரை நேரம் இருந்தது. இப்போது ஹோம் பிளேட்டைச் சுற்றியுள்ள மண் வட்டத்தை விட்டு, ஓடும் எண்ணமில்லாமல் வெளியே போய்விட்டால் அவுட். ஜப்பானியர்கள் இந்த ஆட்டத்துக்கு 'ஃபுரிநிகே' என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். வீசிவிட்டுத் தப்புதல் என்று பொருள். 2007 கோடையில் கனகாவா மாவட்டப் பள்ளிப் போட்டியின் அரையிறுதியில், டோகாய் சாகாமி பள்ளியின் டோமோயுகி சுகானோ மூன்றாவது ஸ்ட்ரைக்கில் ஏமாந்தார். யோகோஹாமா பள்ளிப் பையன்கள் இன்னிங்ஸ் முடிந்ததென்று டக்அவுட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பந்து தரையில் பட்டிருந்தது, யாரும் அவரைத் தட்டவில்லை. ரன்னர்கள் இருவரும் சுகானோவும் நாலு பேஸையும் சுற்றி வந்துவிட்டார்கள். ஸ்ட்ரைக் அவுட்டில் மூன்று ரன்! அந்தப் பையன் பின்னாளில் யோமியூரி ஜயண்ட்ஸின் புகழ்பெற்ற பிட்சரானது தனி வேடிக்கை.

கணக்கு எழுதுவதில் இது உண்டாக்கும் கோணல்களையும் சொல்லிவிடுகிறேன். முதல் பேஸில் பத்திரமாக நின்றாலும் பேட்டரின் கணக்கில் அது ஸ்ட்ரைக் அவுட்தான், பிட்சரின் கணக்கிலும்தான். அதனால் ஓர் இன்னிங்ஸில் ஒரு பிட்சர் நாலு பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்ய முடியும். சக் ஃபின்லி 1999இல் இரண்டு முறையும் 2000இல் ஒரு முறையும் அதைச் செய்தார். பந்து தப்பியது பிட்சரின் வைல்ட் பிட்சாலா (பிடிக்க முடியாதபடி எறிந்ததாலா), கேட்சரின் கோட்டை விடலாலா என்பதைப் பொறுத்து, பின்னால் வரும் ரன் பிட்சர் தலையில் ஏறுவதும் ஏறாததும் மாறும். அந்தத் தீர்ப்பு அம்பயருடையது இல்லை, ஸ்கோர் எழுதுபவருடையது. அதில் நான் தலையிடுவதில்லை.

இந்த விதியை எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. நடந்தது நேர்மாறு. 2019இல் அட்லாண்டிக் லீக் என்ற சிறிய தொழில்முறை லீக் இதை இன்னும் விரித்து, மூன்றாவது ஸ்ட்ரைக் மட்டுமல்ல, எந்தப் பந்து பிடிபடாமல் போனாலும் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம் என்று சோதித்துப் பார்த்தது. உச்ச மட்டமான மேஜர் லீகுக்கு அது வரவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. முதல் பேஸ் திருடுவது என்பது காதுக்கே நன்றாக இல்லை.

கடைசியாக உங்கள் மூன்றாவது காட்சி. மூன்று பேஸிலும் ஆள், கேட்சர் ஹோம் பிளேட்டை மட்டும் மிதித்தார், இன்னிங்ஸ் முடிந்தது. அப்படியானால் அப்போது இரண்டு அவுட் ஆகியிருக்க வேண்டும், பந்து பிடிபடாமல் தரையில் பட்டிருக்க வேண்டும். பேட்டர் ரன்னராகிவிட்டார், அவருக்கு முதல் பேஸ் வேண்டும். அதனால் முதல் பேஸில் இருந்தவர் இரண்டாவதற்கும், இரண்டாவதில் இருந்தவர் மூன்றாவதற்கும், மூன்றாவதில் இருந்தவர் ஹோம் பிளேட்டுக்கும் ஓடியே ஆக வேண்டும். கையில் பந்தோடு கேட்சர் பிளேட்டை மிதித்தபோது அவுட்டானது நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த பேட்டர் இல்லை, மூன்றாவது பேஸிலிருந்து வர வேண்டியவர். அது சாதாரண ஃபோர்ஸ் அவுட். முதல் பேஸுக்கு எறிந்து பதற்றப்படுவதைவிடப் பாதுகாப்பானது. மூன்று பேஸும் நிரம்பி இரண்டு அவுட் ஆகியிருந்தால் பிட்ச் வருவதற்கு முன்பே கேட்சர் பையனிடம் நான் ரகசியமாக ஒன்றும் சொல்லக் கூடாது, அம்பயர் இல்லையா. ஆனால் கார் டிக்கியில் பாடம் கேட்ட அந்தப் பையன், அடுத்த வருடம் அதே நிலைமையில், பந்தை எடுத்து ஒரு நொடி முதல் பேஸைப் பார்த்தான், காலடியில் இருந்த பிளேட்டைப் பார்த்தான், மிதித்தான்.